பேராசிரியர் மன்றத்துக்கு வரும்போது: வாசகர் கேள்வி – பதில்

பாகிஸ்தானிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து, பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தி, பிறகு பசுமைக் கட்சியின் சார்பில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த மெஹ்ரீன் ஃபரூக்கியைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு கேள்விக்கு விடையாகச் சில வரிகள் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பகுதி செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்தவை. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, வீட்டெதிரே வற்றிக் கிடக்கும் ஊரணியைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள் எழுதியவை என்பதால் இந்த முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே தருகிறேன்.

கேள்வி: பேராசிரியர் வேலை மரியாதையான வேலை, நிரந்தரமான வேலை. அதை விட்டுவிட்டு ஒரு பெண்மணி, அதுவும் பிழைக்கப் போன நாட்டில், அரசியலுக்கு வர வேண்டிய அவசியம் என்ன? அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.
– வாசகர், புதுவயல்

ஃபரூக்கி 1963-ஆம் ஆண்டு லாகூரில் பிறந்தவர். தந்தை சிவில் பொறியாளர். மகளும் அதே படிப்பை எடுத்து, 1988-இல் லாகூர் பொறியியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1992-இல் கணவரோடும் சிறு குழந்தையோடும் சிட்னிக்குக் குடிபெயர்ந்து, நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்பை முடித்து, 2000-ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பள்ளியில் இணைப் பேராசிரியராக இருந்தார்.

இந்த வரலாற்றில் பலரும் வேகமாகக் கடந்துவிடும் ஒரு பகுதி உண்டு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பேராசிரியராக இருந்ததற்கு அப்பால் அவர் ஆஸ்திரேலிய உள்ளாட்சி மன்றங்களிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் சுற்றுச்சூழல் பொறியாளராக வேலை பார்த்திருக்கிறார். மழைநீர் எந்த வழியாகப் போக வேண்டும், குப்பை எங்கே சேர வேண்டும், ஓடைக் கரையில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது என்பதையெல்லாம் அளந்து, வரைந்து, அறிக்கையாக எழுதிக் கொடுப்பது அந்த வேலை. அறிக்கை எவ்வளவு சரியாக இருந்தாலும், அதற்குப் பணம் ஒதுக்குவதா அல்லது அலமாரியில் வைத்துப் பூட்டுவதா என்பதை முடிவு செய்வது மன்றத்தில் கை தூக்குகிறவர்கள்தாம். நம்மூர் ஒன்றிய அலுவலகத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற எவரைக் கேட்டாலும் இதையே சொல்வார். அறிக்கை எழுதுகிற கைக்கு ஒரு நாள் தானும் வாக்களிக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பானது என்றே நான் நினைக்கிறேன்.

அவர் 2004-இல் பசுமைக் கட்சியில் சேர்ந்தார். சேர்ந்தவுடன் மாலை போட்டு யாரும் நாற்காலி தந்துவிடவில்லை. 2011-இல் சிட்னியின் ஹெஃப்ரன் சட்டமன்றத் தொகுதியில் நின்று தோற்றார். அடுத்த ஆண்டு அதே தொகுதியின் இடைத்தேர்தலிலும் நின்று தோற்றார். 2013-இல், கட்சியின் மேலவை உறுப்பினர் ஒருவர் விலகியபோது காலியான இடத்துக்குக் கட்சி அவரைத் தேர்ந்தெடுத்தது. அப்படித்தான் அவர் நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டமன்றத்தின் மேலவைக்குள் போனார். ஆஸ்திரேலியாவின் எந்தச் சட்டமன்றத்திலும் இடம்பெற்ற முதல் முஸ்லிம் பெண் அவரே. அங்கே அவர் போக்குவரத்தையும் சுற்றுச்சூழலையும் பற்றி விடாமல் பேசினார். சிட்னியில் வெஸ்ட்கனெக்ஸ் என்ற 33 கிலோமீட்டர் விரைவுச்சாலைத் திட்டத்தை எதிர்த்து நின்ற மக்களோடு சேர்ந்து நின்றார். அந்தச் சாலையை நிறுத்த முடியவில்லை. 2018-இல் கூட்டாட்சி நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்குப் போனார். 2022-இல் கட்சியின் துணைத் தலைவரானார்.

பதவிகளின் பெயரைச் சொல்லும்போது ஏறுமுகமாகத் தெரியும் இந்த வாழ்க்கைக்குள் இரண்டு தேர்தல் தோல்விகளும் நிறுத்த முடியாத ஒரு சாலையும் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். கருதுகோள் பொய்த்துப் போனால் அதையும் பதிவு செய்துவிட்டு அடுத்த சோதனைக்குப் போவது ஆராய்ச்சியாளருக்குப் பழக்கம். மன்றத்துக்கு வரும் கல்வியாளரிடம் நான் மதிப்பது பட்டத்தைவிட அந்தப் பழக்கத்தைத்தான்.

கேள்வி: விஷயம் தெரிந்தவர்கள் வெளியே இருந்து ஆலோசனை சொல்வதுதானே அழகு? தேர்தலில் நின்றுவிட்டால் அவர்கள் சொல்லும் உண்மையைக்கூட ஒரு கட்சியின் பேச்சாகத்தான் மக்கள் எடுத்துக்கொள்வார்கள். நடுநிலை போன பிறகு அறிஞருக்கு என்ன மிச்சம்?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, காரைக்குடி

அம்மா, தங்கள் அச்சம் நியாயமானது. அந்த விலையை முழுவதும் கொடுத்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

கென்யாவின் வங்காரி மாத்தாய் 1960-இல் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்று, உயிரியல் படித்து, ஊர் திரும்பி, 1971-இல் நைரோபியில் முனைவர் பட்டம் பெற்றார். கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். கால்நடை உடற்கூறியல் துறைக்குத் தலைவராகவும் இருந்தார். கிராமத்துப் பெண்கள் விறகுக்கும் தண்ணீருக்கும் நெடுந்தூரம் நடப்பதைக் கண்டு 1977-இல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கினார். அந்த இயக்கத்தில் ஒரு நடைமுறை இருந்தது: கன்று நட்டதற்குப் பணம் கிடையாது, நட்ட கன்று பிழைத்து நின்றால்தான் அதை வளர்த்த பெண்ணுக்குச் சிறு தொகை. நடுவிழாப் புகைப்படத்தோடு கணக்கை முடித்துவிடும் நம்மூர் வழக்கத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த ஒற்றை விதியை ஆய்வுக்கூடத்தில் பழகிய ஒருவர்தான் வகுத்திருக்க முடியும்.

1982-இல் அவர் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் நிற்க விரும்பினார். பல்கலைக்கழகப் பணியில் இருந்துகொண்டு நிற்க முடியாது என்றார்கள், பணியிலிருந்து விலகினார். விலகிய பிறகு, வாக்காளர் பட்டியலில் முறைப்படி பதிவு செய்துகொள்ளவில்லை என்று காரணம் காட்டி அவருடைய வேட்புரிமையை மறுத்தார்கள். பல்கலைக்கழகமோ அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. குடியிருந்த பணியாளர் வீட்டையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. வேலை, வீடு, வேட்புரிமை மூன்றும் ஒரே வீச்சில் போயின.

அப்படிப் போன பிறகும் அவருக்கு என்ன மிஞ்சியது என்றுதானே கேட்கிறீர்கள்? 1989-இல் நைரோபி நகரின் நடுவே உள்ள உஹூரு பூங்காவில் 60 மாடிக் கோபுரம் ஒன்றைக் கட்ட ஆளுங்கட்சி முனைந்தபோது, அவர் கடிதம் மேல் கடிதமாக எழுதினார். அவரைக் கேலி செய்தார்கள், நாடாளுமன்றத்தில் ஏசினார்கள். ஆனால் முதலீட்டாளர்கள் பின்வாங்க, திட்டம் கைவிடப்பட்டது. பூங்கா இன்னமும் பூங்காவாக இருக்கிறது. 2002-இல் டெட்டு தொகுதி மக்கள் 98 விழுக்காடு வாக்களித்து அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 2003-இல் சுற்றுச்சூழல் துறையின் துணை அமைச்சரானார். 2004-இல் அமைதிக்கான நோபல் பரிசு வந்தது.

ஒரு கண்மாய் நிரம்பவில்லை என்பது உண்மை. அது ஏன் நிரம்பவில்லை என்பதும் உண்மை. இரண்டாவது உண்மையைச் சொன்னவுடனேயே யாரோ ஒருவருக்கு எதிராகச் சொன்னதாகத்தான் ஆகும், சொன்னவர் கட்சியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆகவே நடுநிலையைக் காப்பதாக நினைத்து முதல் உண்மையோடு நிறுத்திக்கொள்கிற அறிஞரைவிட, இரண்டாவதையும் சொல்லிவிட்டு ஏச்சு வாங்குகிறவரை நான் உயர்வாக மதிக்கிறேன்.

கேள்வி: எங்கள் மகள் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். அந்த ஊர் நதியில் கழிவுநீர் விடுவதை எதிர்த்து ஏதேதோ செய்துகொண்டிருந்தவள், இப்போது நகர மன்றத் தேர்தலில் நிற்கப் போவதாகச் சொல்கிறாள். அவளிடம் இந்தியப் பாஸ்போர்ட்தான் இருக்கிறது. குடியுரிமைக்கு ஆபத்து வருமா? ‘வந்தவள் நீ, எங்களுக்குப் புத்தி சொல்லாதே’ என்று ஏசமாட்டார்களா? பெற்றோர் என்ற முறையில் தூக்கமில்லை.
– ஒரு தம்பதி, தேவகோட்டை

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், பாதி பயம் அதிலேயே தீரும். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் பிரிட்டனின் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாம். இந்தியா காமன்வெல்த் நாடு. காலவரையற்ற குடியிருப்பு அனுமதி இருக்க வேண்டும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், அல்லது ஓராண்டாக அங்கே குடியிருப்போ வேலையோ இருக்க வேண்டும். மகளிடம் இருப்பது வேலை அனுமதி மட்டும் என்றால் வாக்களிக்கலாம், வேட்பாளராக முடியாது. இதை அவர் வேட்புமனுவுக்கு முன்பே தேர்தல் அலுவலரிடம் உறுதி செய்துகொள்ளட்டும். மன்ற உறுப்பினராவதால் இந்தியக் குடியுரிமை போகாது. வேறு நாட்டுக் குடியுரிமையை ஏற்றால்தான் நம் 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது போகும். அங்கே மன்ற உறுப்பினர்களுக்குத் தரப்படுவது சம்பளம் அல்ல, படித்தொகை. பல மன்றங்களில் கூட்டங்கள் மாலை வேளைகளில் நடக்கும் என்பதால் விரிவுரையாளர் வேலையை விடத் தேவையில்லை.

எல்லா நாடுகளும் இப்படி இல்லை. நார்வேயிலும் ஸ்வீடனிலும் மூன்று ஆண்டுகள் குடியிருந்தாலே அயல்நாட்டவர் நகராட்சித் தேர்தலில் நிற்க முடியும். ஆஸ்திரேலியாவிலோ கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்குப் போகிறவர் வேறு நாட்டுக் குடியுரிமை வைத்திருக்கவே கூடாது. 2017-இல் இந்த விதியால் பசுமைக் கட்சியின் இரண்டு செனட்டர்களே பதவி விலக நேர்ந்தது.

இரண்டாவது கேள்விக்கு உண்மையைச் சொல்ல வேண்டும்: ஏசுவார்கள். 2022-இல் ராணி எலிசபெத் மறைந்த அன்று பிரிட்டிஷ் பேரரசைக் கண்டித்து ஃபரூக்கி எழுதியதற்கு, பாலின் ஹான்சன் என்ற செனட்டர், மூட்டை கட்டிக்கொண்டு பாகிஸ்தானுக்கே திரும்பிப் போகும்படி பொதுவெளியில் பதில் எழுதினார். நாட்டின் செனட்டில் உட்கார்ந்திருப்பவருக்கே அந்தக் கதி. ஃபரூக்கி நீதிமன்றம் போனார். 2024 நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தப் பதிவு இனப் பாகுபாட்டுச் சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது. ஹான்சன் மேல்முறையீடு செய்தார். ஏச்சு நிற்கவில்லை என்றாலும், அதற்கு ஒரு நீதிமன்றம் விடை சொல்லியது என்பது சிறிய விஷயம் அல்ல.

நம்மவர்களையும் பாருங்கள். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த சமந்தா ரத்னம், போரால் நாடு விட்ட குடும்பத்தோடு 1989-இல் சிறுமியாக ஆஸ்திரேலியா சென்று, சமூகப் பணியாளராகி, 2012-இல் மெல்போர்ன் நகரின் வடபகுதியிலுள்ள மோர்லாண்ட் மன்றத்துக்குப் பசுமைக் கட்சி உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2015-இல் அந்த நகரின் மேயர். 2017-இல் விக்டோரியா மாநிலப் பசுமைக் கட்சியின் தலைவர். மூன்று வயதில் இலங்கையிலிருந்து நார்வே சென்ற கம்சாயினி குணரத்தினம் 2015-இல் ஆஸ்லோவின் துணை மேயரானார். அவர் தொழிற்கட்சிக்காரர், ஆனால் அவர் இருந்த அந்த மன்றக் கூட்டணியில் பசுமைக் கட்சியும் இருந்தது. பண வரவுசெலவுத் திட்டத்தோடு, ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும் என்ற கணக்கையும் சேர்த்தே தாக்கல் செய்யும் முறையை உலகத்தில் முதலில் கொண்டுவந்த நகரம் அது.

தங்கள் மகள் ஒரு நதிக்காக நிற்கிறார். எந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறாரோ அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை உண்டு. தேவகோட்டையிலிருந்து தாங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்றுதான்: தோற்றுப்போன அன்று இரவு அவர் தொலைபேசியில் அழைத்தால், ‘அப்போதே சொன்னோமே’ என்று தொடங்காதீர்கள்.

கேள்வி: பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் நாங்கள். அங்கேயெல்லாம் எங்கள் ஐயாக்கள் ஊர்ப் பொது விஷயத்தில் இப்படி ஏன் இறங்கவில்லை?
– வாசகர், பள்ளத்தூர்

போன விதம் வேறு. மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்புவது என்ற ஏற்பாட்டில், ஆச்சியையும் பிள்ளைகளையும் இங்கே விட்டுவிட்டு, கிட்டங்கி என்ற கூட்டுக் கடைக்கட்டடத்தில் பெட்டியடிக்கு (பணப்பெட்டி மேசைக்கு) முன்னால் வாழ்ந்த வாழ்க்கை அது. மனம் குடியேறவில்லை, வட்டித் தொழில் மட்டும் குடியேறியது. 1930-களில் உலக விலைவாசி சரிந்து கடன் திரும்பாமல் போனபோது, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. நிலம் வந்தது, அந்த நிலத்து உழவர்களின் சபையில் இடம் தேடவேண்டும் என்று பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை. பின்னால் வந்த வெறுப்புக்கும் வெளியேற்றத்துக்கும் காரணங்கள் பல. இதுவும் அவற்றில் ஒன்று என்பது என் கருத்து.

ஆனால் பொதுக்காரியம் செய்யவில்லை என்று சொன்னால் அது பெரும் தவறு. அந்தப் பணத்தில்தான் இங்கே ஊரணிகள் வெட்டப்பட்டன, படித்துறைகள் கட்டப்பட்டன, பள்ளிகள் எழுந்தன. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வந்தது. பொதுக்கடமையை அவர்கள் சொந்த ஊரில் செய்தார்கள். இன்று போகிறவர்கள் குடும்பத்தோடு போய், பிள்ளைகளை அங்கேயே பள்ளியில் சேர்த்து, அங்கேயே வரி கட்டுகிறார்கள். கடமையும் கூடவே அங்கே போகிறது.

கேள்வி: சுற்றுச்சூழல் பேசினால் ஓட்டு விழுமா?
– வாசகர், சிங்கம்புணரி

பேசினால் மட்டும் விழாது. கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில், லித்துவேனியாவிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோரின் மகனான அன்டனாஸ் மோக்கஸ் என்ற கணிதப் பேராசிரியர் 1995-இல் மேயரானார். அதற்கு முன் அவர் தேசியப் பல்கலைக்கழகத்தின் தலைவர். தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது, அவரே தொலைக்காட்சியில் குளித்துக் காட்டி, சோப்புப் போடும்போது குழாயை மூடிக் காட்டினார். சிக்கனத்துக்குக் கட்டணச் சலுகையும் கொடுத்தார். இரண்டே மாதங்களில் நகரத்தின் தண்ணீர்ச் செலவு 14 விழுக்காடு குறைந்தது. அவரை 2001-இல் மறுபடியும் மேயராக உட்கார வைத்தார்கள். பிற்பாடு பசுமைக் கட்சி வேட்பாளராக 2010-இல் அதிபர் தேர்தலில் நின்றபோது தோற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழாயை மூடுவது பக்கத்தில் தெரிகிறது, நாடு தூரத்தில் இருக்கிறது.

உங்கள் பக்கத்திலேயே ஓர் ஊர் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்கு அருகே வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களில் வந்து கூடு கட்டும் பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காக அந்தக் கிராமத்தார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 1977-இல் அது சரணாலயமானது. பண்டிகை நாளில் பிள்ளைகளிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லி அதை நிலைநாட்டிய ஊர்க் கட்டுப்பாட்டைவிடப் பெரிய சூழல் அரசியலை நான் அறியேன்.

கேள்வி: முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் நீரியல் கற்பித்துவிட்டு, பூர்வீக வீட்டைச் செப்பனிட்டு இங்கேயே வந்துவிட்டேன். கையில் இருப்பது வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டும் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டையும். எங்கள் ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால் அடைபட்டுக் கிடக்கிறது. ஊராட்சித் தேர்தலில் நின்று அதைச் சரி செய்ய விரும்புகிறேன். என் தம்பி ‘உனக்கு ஏன் இந்த வேலை’ என்கிறான்.
– வாசகர், ஆத்தங்குடிப் பக்கம்

இப்போது தங்களால் நிற்க முடியாது, ஐயா. ஓசிஐ அட்டை குடியுரிமை அல்ல. வாக்கு இல்லை, வேட்புரிமையும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டமும் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. இன்னொன்றும் தங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: 2021 மார்ச் அறிவிப்பின்படி ஓசிஐ அட்டைக்காரர் முறையான ஆராய்ச்சி செய்ய மத்திய அரசின் சிறப்பு அனுமதி பெற வேண்டும். சொந்த ஊர் ஊரணியை ஆசைக்காக அளந்து பார்ப்பது வேறு, ஒரு நிறுவனத்தின் பெயரில் ஆய்வாகச் செய்வது வேறு. இரண்டாவதாக இருந்தால் அனுமதியைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

வழி இல்லாமல் இல்லை. அட்டை பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகி, விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்கள் இந்தியாவிலேயே குடியிருந்தால், குடியுரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்கீழ் மறுபடியும் இந்தியக் குடிமகனாக விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். பிறகு வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்து, வேட்புமனு தாக்கல் செய்யலாம். மாத்தாய்க்கு 1982-இல் நேர்ந்ததை நினைவில் வைத்து, பட்டியலில் பெயர் ஏறியதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் அந்த நாட்டோடு பிணைந்திருக்கும் வயதில் இது எளிய முடிவு அல்ல. தம்பி சொல்வதில் அந்த அக்கறையும் இருக்கலாம்.

அதுவரை ஊரணி காத்திருக்காது. ஆகவே தாங்கள் இப்போதே செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது, மழைதான் வரவு. வீட்டுக் கூரைத் தண்ணீர் வளவில் (நடு முற்றத்தில்) விழுந்து அண்டாவில் சேரும்; மிஞ்சியது தெருவின் சாய்வில் ஓடி ஊரணிக்குப் போகும்; அது நிரம்பினால் அடுத்த பள்ளத்திலுள்ள ஊரணிக்கோ கண்மாய்க்கோ போகும். தெருக்களின் சாய்வைக்கூடக் கணக்குப் போட்டு ஊர் அமைத்தவர்கள் நம் முன்னோர். அண்மையில் ஓர் ஊரணியைச் சுற்றி வந்தபோது செம்புறாங்கல் படிகள் ஒன்றுகூடக் குலையாமல் இருந்ததைக் கண்டேன். ஆனால் தண்ணீர் உள்ளே வரும் கல்மடையின் வாயில் சிமெண்டுச் சாலையின் விளிம்பு ஒரு முழ உயரத்துக்கு ஏறி நின்றது. சாலையை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டிருக்கிறார்கள். மழை பெய்தால் தண்ணீர் ஊரணியைத் தாண்டிப் போய்விடும். ஆக்கிரமிப்பு செய்தவர் என்று எவரையும் அங்கே சுட்டிக்காட்ட முடியாது. சாலைக்கு மட்டம் குறித்துக் கொடுத்தவர் மடையைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். தங்கள் ஊரிலும் அடைப்பு எது என்பதை முதலில் இப்படி நடந்து பார்த்துக் கண்டுபிடியுங்கள். நீரியல் படித்தவருக்கு ஒரு மட்டக்கருவியும் ஒரு மழை நாளும் போதும்.

அடுத்தது ஆவணம். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டிலும் கிராம வரைபடத்திலும் வரத்துக் கால் எந்தப் புல எண்ணில், என்ன அகலத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நகல் தர மறுத்தால் தகவல் உரிமை மனுவைத் தம்பி போடட்டும். அவர் இந்தியக் குடிமகன். எந்த அலுவலகத்திடம் கேட்பது என்பதிலும் தெளிவு வேண்டும்: 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பு. இது தெரியாமல் தவறான அலுவலகத்துக்கு ஆண்டுக்கணக்கில் மனு எழுதிச் சலித்தவர்கள் நம்மிடையே பலர்.

மூன்றாவது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. வாக்காளர்கள்தாம் அதன் உறுப்பினர்கள். தாங்கள் அளந்ததை ஒரே தாளில், மடையின் மட்டம், சாலையின் மட்டம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்று எல்லாருக்கும் புரியும்படி எழுதித் தம்பியிடமோ ஊரணிக் கரையில் குடியிருக்கும் பெண்களிடமோ கொடுங்கள். அவர்கள் எழுந்து கேட்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டே வெளியே வரட்டும்.

கேள்வி: அழகப்பா பல்கலைக்கழகத்தில் முதுநிலை படிக்கிறேன். வெளிநாடு போய்ப் பெரிய பட்டம் வாங்கித் திரும்பி வந்தால்தான் என் பேச்சை ஊரில் கேட்பார்களா?
– மாணவி, காரைக்குடி

தேவையில்லை, மகளே. உள்ளாட்சியில் நிற்க 21 வயது போதும். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. 2024-இல் காரைக்குடி மாநகராட்சியாகிவிட்டது. சுற்றியுள்ள ஊர்களை நகரம் விழுங்கும் வேகத்தில் எந்தக் கண்மாய் மனையாகும், எது கண்மாயாகவே இருக்கும் என்பது இனிவரும் சில ஆண்டுகளில் தீர்மானமாகிவிடும். படிப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவும் அதையொட்டிய விதிகளும், ஒவ்வொரு உள்ளாட்சியும் உயிரியல் பன்மை மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் உயிரியல் பன்மைப் பதிவேடு தயாரிக்க வேண்டும் என்கின்றன. உங்கள் ஊரில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், பதிவேடு எங்கே இருக்கிறது என்று எழுத்து மூலம் கேளுங்கள். பதிவேடு கிடைத்தால், காரைக்குடியின் குடிநீர் ஊற்றான சம்பை ஊற்றையும் அதைச் சுற்றியுள்ள மரங்களையும் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரிவியுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.